பதினேழு படியேறிகள்

அடிவயிறு கல்லாகக் கனத்தது. காலை ஆறரைக்கு வீட்டில் குடித்த அரை டம்ளர் தண்ணீர், பதினோரு மணிக்கு வெளியே போக வழி கேட்டது. அதே நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இன்னும் தண்ணீர் கேட்டது. ஹரிகரன் இரண்டையும் கண்டுகொள்ளாமல் அடுத்த மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தான்.

லாரியின் பின்பலகையைத் திறந்து போட்டு, அதன் விளிம்பில் அவன் உட்கார்ந்திருப்பான். கீழே ஒருவன் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பான். ஹரிகரன் மூட்டையை இழுத்து, ஒரு தம் பிடித்து, அவன் பிடரியிலும் தலையிலுமாக ஏற்றிவிடுவான். அவன் நகர்ந்ததும் அடுத்தவன். மிளகாய் வத்தல் மூட்டை நாற்பது கிலோ. அதைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொள்ளும் ஆள் இன்னும் பிறக்கவில்லை. எவ்வளவு பெரிய பலசாலியானாலும் ஏற்றிவிட இன்னொரு கை வேண்டும். கோட்டைநத்தம் விலக்கிலிருந்த சரக்குக் கிட்டங்கியில் அந்தக் கை ஹரிகரனுடையது.

2061-இலும் மனிதன் தலையில் மூட்டையா என்று கேட்பவர்கள் வத்தல் கிட்டங்கிக்குள் ஒரு நாளும் வந்திருக்கமாட்டார்கள். நெல்லுக்கு எந்திரம் வந்தது, சிமெண்டுக்கு வந்தது. வத்தலுக்கும் வந்தது. மூன்று மூட்டை தூக்கியது, நாலாவது மூட்டையில் அதன் கண்ணில் தூசி ஏறியது, சுவரைப் போய் முட்டிக்கொண்டு நின்றது. மாடிக்குச் சரக்கேற்றும் லிப்டும் அப்படித்தான் செத்தது. மிளகாய்த் தூசிக்கு இரும்பென்றும் சதையென்றும் வித்தியாசம் கிடையாது. மனிதனாவது தும்மிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூட்டை அடுக்கு சரிந்து விழுந்ததில் ஹரிகரனின் இரண்டு கால்களும் தொடையோடு போயின. மின்கால் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் தூசி ஏறி, ஒரு கால் வாசலுக்கும் ஒரு கால் லாரிக்குமாகப் போகப் பார்த்தது. கழற்றிப் போட்டுவிட்டு, நாலு பேரிங் வைத்த உருளைப் பலகை ஒன்று செய்துகொண்டான். கயிற்றைப் பிடித்துக் கையாலேயே லாரியில் ஏறுவான். சமதரையில் அவனை யாரும் முந்த முடியாது.

சிக்கல் படியில்தான். ஈரம் படாதிருக்க வத்தலை மாடியில் அடுக்குவார்கள். ஆபீசும் மாடியில். கக்கூஸும் மாடியில். கீழே மூன்று கதவு வைத்த கக்கூஸ் ஒன்று இருக்கத்தான் இருந்தது. மேனேஜர் அபினவ் வந்த புதிதில் அதில் வெறுஞ்சாக்குக் கட்டுகளை அடைத்துப் பூட்டி, கிட்டங்கியின் கொள்ளளவைக் கூட்டிவிட்டதாக முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் பின்பக்கம் கருவேல மரத்தடிக்கு ஓடுவார்கள். முள்ளிலும் ஜல்லியிலும் பலகை உருளாது. ஹரிகரனுக்கு இருபத்திரண்டு படிதான் வழி.

கையை ஊன்றி ஏறிப் பார்த்தான். படியெல்லாம் வத்தல் தூசி. அந்தக் கையோடு கக்கூஸுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை அனுபவித்தவன் மறுதடவை முயலமாட்டான். பாட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். அவர் கையிலிருந்த காப்பி டம்ளரை ஹரிகரன் ஒரு பார்வை பார்த்தான். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே கபிலேஷ் தூக்கிக்கொண்டு போவான். ஒரே தெருக்காரன், ஒரே வயசு. குனிவான், ஹரிகரன் கழுத்தைக் கட்டிக்கொள்வான், ஏறுவார்கள். ஒவ்வொரு படிக்கும் கபிலேஷின் இடது முட்டி ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். இருபத்திரண்டு டக். அதை எண்ணிக்கொண்டே ஏறுவது ஹரிகரனுக்குப் பெரிய தண்டனை. ‘இவன் முட்டியை நான் தின்கிறேன்’ என்று தோன்றும். அந்தக் கடனைக் கூட்டக்கூடாது என்றுதான் தண்ணீரைக் குறைத்தான். நாலு தடவை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று.

குறைத்த தண்ணீர் சிறுநீரகத்தில் கல்லாக உட்கார்ந்தது.

“ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கணும்” என்றார் டாக்டர்.

“குடிச்சிட்டு எங்க சார் போறது?” என்றான் ஹரிகரன். டாக்டர் அதை ஏதோ தத்துவம் என்று நினைத்துச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே ஹரிகரன், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி கொடுக்கும் அரசுத் துணைவாரியத்துக்கு எழுதிப் போட்டான். படியேறி ஒன்று வேண்டும். படியேறி என்பது ஆறு கால் வைத்த நாற்காலி. உட்கார்ந்தால் படியில் ஆடாமல் அலுங்காமல் ஏறும், இறங்கும். அது வந்துவிட்டால் அவன் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

மதுரை வாரியத்திலிருந்து யாழினி என்ற அதிகாரி வந்தாள். முப்பது வயசிருக்கும். கையில் ஒரு வினாப்பலகை. பையில் புளியங்கொட்டை அளவில் பதினெட்டுத் துணைமானிகள்.

“முன்னாடியெல்லாம் டாக்டர் பாத்து, நாப்பது சதவீதம், எழுபது சதவீதம்னு சீட்டு எழுதுவாங்க. அதுல நடந்த அநியாயம் உங்களுக்கே தெரியும். இப்ப நாங்க உடம்பைப் பாக்கறதில்ல” என்றாள் யாழினி. “இயலாமை உடம்புல இல்ல. உதவி கெடைக்காத எடத்துலதான் இருக்கு. அதைத்தான் இது அளக்குது.”

ஹரிகரனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நியாயமான பேச்சு. எந்த ஊரில் பிறந்தால் அந்த யோசனை உருப்படும் என்பதுதான் கேள்வி.

துணைமானியைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். யாருக்கு யார் கை கொடுத்தார்கள், எத்தனை தடவை, கை கிடைக்காமல் எத்தனை நிமிஷம் நெஞ்சு படபடத்தது, எல்லாம் அதில் ஏறும். மனு போட்டவர் மட்டும் குத்தினால் போதாது. கூட இருக்கிறவர்களும் குத்திக்கொள்ள வேண்டும். இருபத்தொரு நாள் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன துணை என்று வாரியத்தின் கணி எந்திரமே தீர்ப்புச் சொல்லும். மனிதர் யாரும் அதைத் திருத்த முடியாது. திருத்த முடிந்தால் காசு வாங்குவார்களாம்.

முதலில் எல்லாரிடமும் வினாப்பலகை கேள்வி கேட்டது. ஆள்களுக்குத் தலைவரான மேஸ்திரி சந்தோஷ் முன்னால் வந்து நின்றார். பெயர்தான் சந்தோஷ். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“தங்கள் பணியைத் தொடங்க இன்னொருவரின் கை தேவைப்படுகிறதா?” என்றது பலகை.

“பின்ன? ஏத்திவிட ஆள் வேணும்ல.”

“நாளொன்றுக்கு எத்தனை முறை?”

“முப்பது நடை. முப்பது தடவ.”

“அந்தக் கை கிடைக்காவிட்டால்?”

“நின்ன எடத்துல நிக்க வேண்டியதுதான். ஒண்ணும் செய்ய முடியாது.”

பலகை கொஞ்சம் தயங்கியது. “எத்தனை ஆண்டுகளாக இந்த நிலை?”

“பதினெட்டு வயசுலேர்ந்து.”

“வருந்துகிறோம்” என்றது பலகை.

“வருத்தப்பட்டு என்ன செய்ய? பொழப்பு அப்படி” என்றார் மேஸ்திரி பெருமையாக. பதினேழு பேரும் அதையேதான் சொன்னார்கள். உண்மையைச் சொல்வதில் அவர்களுக்கு என்ன கூச்சம்?

கடைசியாக ஹரிகரன்.

“எனக்குப் படி ஏற மட்டுந்தான் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“படி ஏற எவரேனும் உதவுகிறாரா?”

“கபிலேஷ் தூக்குவான்.”

“அவர் என்றேனும் மறுத்ததுண்டா?”

ஹரிகரன் வாயைத் திறப்பதற்குள் கபிலேஷ் பாய்ந்து வந்தான். “நான் எப்படா மறுத்தேன்? சொல்லு மாப்ள! காய்ச்சலோட தூக்கலையா? எங்க மாமனார் செத்த அன்னிக்குக்கூட வந்து தூக்கிட்டுப் போனேன்ல?”

“மறுத்ததில்ல” என்றான் ஹரிகரன்.

பலகையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அது நல்லதுக்கு எரிகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

யாழினி போனதும் மேஸ்திரி ஆள்களைக் கூட்டினார். “இந்தா பாருங்கப்பா, எந்திரம் என்ன பாக்கும்? எவனுக்கு நெறைய ஒத்தாசை தேவைப்படுதுன்னு பாக்கும். நம்ம பய எதுக்கும் வாயைத் தொறக்க மாட்டான். நாமதான் செய்யணும். இருபத்தோரு நாளைக்கு அவன் எதுவும் தானா செய்யக்கூடாது. தும்மினாக்கூட மூக்கைத் தொடைச்சு விடுங்க. நாற்காலி வந்தே தீரணும்.”

அடுத்த நாளிலிருந்து ஹரிகரனின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒருவன் வேர்வை துடைத்தான். ஒருவன் விசிறினான். சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியே உருண்டை பிடித்து வாய்க்கு நேரே நீட்டினார்.

“யோவ், கால்தான்யா இல்ல. கை ரெண்டும் இருக்கு.”

“எந்திரம் பாக்குது. வாயத் தொற.”

தண்ணீர் விஷயத்தில்தான் அவர்கள் மூளையைக் காட்டினார்கள். அடிக்கடி தண்ணீர் கொடுத்தால் அடிக்கடி தூக்க வேண்டி வரும், அடிக்கடி தூக்கினால் அடிக்கடி பதிவாகும். மணிக்கொரு செம்பு. குடிக்காவிட்டால் விடமாட்டார்கள். கபிலேஷ் ஒருவனால் ஆகாது என்று முறை போட்டுத் தூக்கினார்கள். மற்றவர்கள் தூக்கும்போது கபிலேஷ் கூடவே படியேறி வந்து சத்தம் போட்டான்: “மூட்டை மாதிரிப் பிடிக்காதடா! கழுத்தை அவன் பிடிப்பான், நீ இடுப்பைக் குடு. ஒன்பது வருஷமா தூக்கறவன் சொல்றேன், கேளு.”

ஹரிகரன் திட்டிக்கொண்டே குடித்தான். திட்டிக்கொண்டே போய் வந்தான். ஆனால் நாலாம் நாளே நாக்கு ஒட்டுவது நின்றது. தலைவலி போனது. பதினாறாம் நாள் கடுகளவுக் கல் ஒன்று தானாக வெளியே வந்து விழுந்தது. மாடியிலிருந்து அவன் போட்ட கூச்சலைக் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். அன்றைக்குப் பதினேழு பேருக்கும் கபிலேஷ் டீ வாங்கிக் கொடுத்தான், தன் வீட்டில் குழந்தை பிறந்தது மாதிரி.

தீர்ப்பு வந்த அன்று யாழினி தனியாக வரவில்லை. பின்னால் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து பளபளவென்று நாற்காலிகளை இறக்கினார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து.

“நமக்கு ஒண்ணுதான மேடம்?” என்றார் மேஸ்திரி.

யாழினியின் முகம் சரியாக இல்லை. பலகையைப் பார்த்துப் படித்தாள். “சந்தோஷ் முதலிய பதினேழு பேர். பிறர் கை இல்லாமல் பணியைத் தொடங்கவே இயலாதவர்கள். கடும் சார்புநிலை. ஆளுக்கொரு படியேறி.”

லாரியிலிருந்து பதினேழாவது நாற்காலி இறங்கியது.

“ஹரிகரன்” என்று அடுத்த பெயருக்குப் போனாள். “இருபத்தொரு நாளில் வேலை நாள் பதினெட்டு. பெற்ற உதவி எழுநூற்று நாற்பத்தாறு. கேட்பதற்கு முன்பே கிடைத்தது எழுநூற்று முப்பது. கிடைக்காமல் தவித்த நேரம் பூஜ்யம். கொடுத்த உதவி ஒன்பதாயிரத்து நூற்றெண்பது. உடல்நலம் முன்னேற்றம். முடிவு: நிறைவான வாழ்க்கை. துணை தேவையில்லை. இவர் பதினேழு பேருக்குத் துணைப்பணியாளர் எனப் பதிவு செய்யப்படுகிறார்.” கடைசி வரியை மெல்லச் சொன்னாள்: “பாராட்டுச் சான்றிதழ் ஒண்ணு இருக்கு.”

“கீழ குடுங்க, மூட்டை துடைக்க ஆகும்” என்றான் ஹரிகரன்.

மேஸ்திரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “நான் சார்புநிலையா? நானா? நாப்பத்தாறு வயசுல நாப்பது கிலோவ மாடிக்குத் தூக்கறவன்!”

“மூக்கைத் தொடைச்சு விடுங்கன்னு சொன்னது யாரு?” என்றான் ஹரிகரன். “இப்ப தொடைச்சுக்கோங்க.”

யாழினிக்கும் வருத்தம்தான். மேல்முறையீடு உண்டு, தொண்ணூறு நாள் கழித்து. அதற்கு அவன் உதவி கிடைக்காமல் தவித்ததாகப் பதிவாக வேண்டும். அதாவது இவர்கள் யாரும் அவனைத் தூக்கக்கூடாது. அவன் கல்லோடு கிடக்க வேண்டும்.

“நானா தூக்காம இருப்பேன்? அது என்னால ஆகாது மேடம்” என்றான் கபிலேஷ். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து ஹரிகரன் முன்னால் நிறுத்தினான். “இதை வச்சுக்கோ. எனக்கெதுக்கு?”

ஹரிகரன் தாவி ஏறி உட்கார்ந்தான். நாற்காலி கரகரத்தது. “தாங்கள் கபிலேஷ் அல்ல. தயவுசெய்து இறங்குங்கள்.”

“தெரியும். ஏறு.”

“தாங்கள் கபிலேஷ் அல்ல.”

நாடியைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்கும் நாற்காலி. விற்றுவிடாமல் இருப்பதற்காம். கபிலேஷ் கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் தானே உட்கார்ந்து, ஹரிகரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“வணக்கம், கபிலேஷ். மடியில் இருப்பது என்ன?”

“எங்க மாப்ள.”

“இருவர் அமர அனுமதியில்லை. பொருள் எனில் அறுபது கிலோ வரை அனுமதி.”

கபிலேஷ் யோசித்தான். “வத்தல் மூட்டை” என்றான்.

“நன்றி. புறப்படுவோம்.”

ஆறு கால்களும் பூனை மாதிரி படியில் ஏறின. ஒரு ‘டக்’கும் இல்லை. கீழே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கபிலேஷும் சிரித்தான். அவன் மடியில் வத்தல் மூட்டையாக உட்கார்ந்து கக்கூஸுக்குப் போன ஹரிகரன் மட்டும் சிரிக்கவில்லை. எழுநூறு சொச்சம் எங்கே, ஒன்பதாயிரம் எங்கே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த எழுநூற்றிலும் முக்கால்வாசி மூக்குத் துடைத்தது. ஒன்பது வருஷமாகத் தான்தான் கடன்காரன் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரைக் குடிக்காமல் இருந்திருக்கிறான். அந்தக் கணக்கு எவ்வளவு பெரிய பொய்! தப்பான தீர்ப்புச் சொன்ன எந்திரம் எண்ணிக்கையை மட்டும் சரியாகச் சொல்லியிருந்தது.

வந்த நாற்காலியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மறுநாளே ஒருவன் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்காலி ஏறியது. அவ்வளவுதான், பதினேழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். முன்பு அவர்கள் தலையில் ஏற்றிவிட்ட மூட்டையை ஹரிகரன் இப்போது அவர்கள் மடியில் இறக்கி வைத்தான். மகாராஜாக்கள் மாதிரி வரிசையாகப் போனார்கள், வந்தார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மணிக்கே லாரி காலி.

“இதுக்குத் தூசி ஏறாதா மேடம்?” என்று முதல் நாளே ஹரிகரன் கேட்டிருந்தான்.

“தூசிக்காப்பு இருக்கு” என்று சொல்லியிருந்தாள் யாழினி. மதுரைத் தூசியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் புது வத்தல் வந்தது. நல்ல காரம். மூட்டையைத் தொட்டாலே புகை மாதிரி எழும்பியது. பதினொன்றரைக்கு, ஏறிக்கொண்டிருந்த ஆறு நாற்காலிகளில் முன்னால் போன மேஸ்திரியின் நாற்காலி பதினெட்டாம் படியில் நின்றது.

“எதிரே பார்வைத் தடை. பயனரின் பாதுகாப்பு கருதிப் பட்டை பூட்டப்படுகிறது.”

இடுப்புப் பட்டை இறுகியது. பின்னால் வந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அதையே சொல்லிவிட்டு நின்றன. சமதரைக்கு வராமல் பட்டை திறக்காதாம். ஆறு பேர், மடியில் ஆறு மூட்டை, படி முழுக்க அடைப்பு. மூன்றாவதாக மாட்டிக்கொண்ட கபிலேஷ் தும்மத் தொடங்கினான். மூக்கைத் துடைக்கக் கை வரவில்லை. மூட்டை அமுக்கியது.

“மாப்ள! எறக்கி விடுங்கடா!”

“நீ சார்புநிலை. பொறுமையா இரு” என்று கீழேயிருந்து கத்தினான் ஹரிகரன்.

மாடியில் மேனேஜர் மாட்டிக்கொண்டார். அவரிடம் கக்கூஸ் இருந்தது, சோறு கீழே வண்டியில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து யாழினி வந்து இறங்கினாள். நாற்காலி எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆய்வாம். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், வழியில் இரண்டு இளநீர். படியில் தொங்கிய ஆறு பேரையும் பார்த்தாள். பலகையைத் தட்டினாள். பழுது பார்க்கும் ஆள் வர மூன்று மணி நேரமாகும் என்றது பலகை.

கொஞ்ச நேரம் நின்றாள். நடந்தாள். மறுபடி நின்றாள். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். ஒன்பது வருஷ அனுபவம் உள்ளவனுக்கு அந்த நடையைப் படிக்கத் தெரியாதா? ஹரிகரன் பலகையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் போனான்.

“தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?”

“வேணாம்! வேணாம்” என்றாள் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, “இங்க ரெஸ்ட்ரூம் எங்க இருக்கு?” என்றாள்.

ஹரிகரன் விரலை மேலே காட்டினான். படியில் கபிலேஷ் பெரிதாக ஒரு தும்மல் போட்டான்.

“வேற எங்கயும் இல்லையா? பக்கத்துல ஏதாவது?”

“பெட்ரோல் பங்க் இருந்துச்சு. எல்லாரும் மின்வண்டிக்கு மாறினதும் மூடிட்டாங்க. பின்னாடி கருவேல மரம் இருக்கு. பதினோரு ஆம்பளைங்க வரிசையில நிக்கிறாங்க.”

யாழினியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. சட்டையில் குத்தியிருந்த துணைமானி மினுக்கத் தொடங்கியது. ஆள்களுடையதை இருபத்தொரு நாள் முடிந்ததுமே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்; அதிகாரிகள் எப்போதும் குத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. இருபது நிமிஷம் போனது. அரை மணி போனது. துணைமானி சிவப்பாக எரிந்தது.

“இத்தனை வருஷமா நீங்க…” என்று தொடங்கினாள்.

“ஆமா மேடம். தெனமும் இதான். நீங்க அரை மணி நேரமாத்தான் நிக்கிறீங்க.”

“கீழ ஒண்ணு கட்டச் சொல்லி எழுதியிருக்கலாமே!”

“எதுக்குக் கட்டணும்? இருக்கு.” ஹரிகரன் சுவரோரம் இருந்த மூன்று கதவுகளைக் காட்டினான். “சாக்கு அடைச்சு வச்சிருக்கு. சாவி மேல.”

யாழினி முற்றத்துக்கு ஓடிப் போய் மாடிச் சன்னலைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. மேனேஜர் தலையை நீட்டினார். “மேடம், அது கிட்டங்கிக் கொள்ளளவுல பதிவாகி—”

“சாவியப் போடுங்கய்யா!”

சாவி விழுந்தது. பதினோரு பேரும் பாய்ந்தார்கள். சாக்குக் கட்டுகள் பறந்தன. ஒன்பது வருஷமாக அடைத்து வைத்ததை எட்டு நிமிஷத்தில் காலி செய்தார்கள். குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, அப்புறம் துருத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். ஒருவன் இரண்டு வாளி அடித்துக் கழுவிவிட்டான். யாழினி உள்ளே போனாள். வெளியே வந்தபோது வேறு மனுஷியாக வந்தாள்.

அடுத்து ஹரிகரன் போனான். யாரும் தூக்கவில்லை. பலகை உருண்டது, வாசலில் ஒரு சின்ன மேடு, கையை ஊன்றித் தாண்டினான். கதவைச் சாத்தினான். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போட்டான். இந்தக் கிட்டங்கியில் ஒன்பது வருஷமாக அவன் தாழ்ப்பாள் போட்டதில்லை. மாடியில் கபிலேஷ் வாசலில் நின்று, “ஆச்சா மாப்ள?” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். வேலை முடிந்த பிறகும் ஹரிகரன் வெளியே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். தாழ்ப்பாளை எடுத்தான், மறுபடி போட்டான்.

“என்னடா பண்றான் உள்ள? என்னை யாராவது பாருங்கடா!” என்று படியிலிருந்து கேட்டது.

“அவன் வர லேட்டாகும்” என்றது யாரோ ஒரு குரல்.

போகும்போது யாழினி அவன் எதிரே குனிந்து நின்றாள். “உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன் ஹரிகரன். கீழ்த்தளக் கழிப்பறையைத் திறந்தே வைக்கணும்னு இன்னிக்கே எழுதறேன்.”

அவள் எழுதத்தான் எழுதினாள். அதில் சந்தேகமில்லை. கணியின் பதில் மூன்றாம் நாள் வந்தது: ‘துணை நபர்களுக்கே வழங்கப்படும். கழிப்பறை நபர் அல்ல.’

அதே வாரம் பதினெட்டாவது படியேறி வந்து இறங்கியது. கபிலேஷ் ஓடிப் போய் அட்டையைப் பிரித்தான். “வந்துருச்சு மாப்ள! ஒனக்குத்தான்!” ஹரிகரன் தாவி உட்கார்ந்தான்.

“தாங்கள் யாழினி அல்ல” என்றது நாற்காலி.

இந்தக் கிட்டங்கியில் முப்பத்தெட்டு நிமிஷம் உதவி கிடைக்காமல் நெஞ்சு படபடக்கத் தவித்ததாகப் பதிவானது ஒரே ஒருத்திக்குத்தான். தேவை எங்கே பதிவானதோ அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். யாழினி அதைத் திருப்பி எடுக்கச் சொல்லி இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

படியில் நின்ற நாற்காலிகளை அவை நின்ற அன்று சாயங்காலமே பழுது பார்ப்பவன் வந்து இறக்கினான். இந்தத் தூசிக்கு இனி ஓடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பழையபடி தலையில் மூட்டை. இரண்டு வாரத்தில் பிடரி மெத்தையாகிப்போன மேஸ்திரி முதல் நடையில் ஐயோ என்றார். எந்திரத்தைத் திட்டினார், பிறகு தன்னைத் திட்டிக்கொண்டார்.

ஓடாவிட்டாலும் படியேறி அரசுச் சொத்து. வெயிலும் மழையும் தூசியும் படாத இடத்தில் பூட்டிப் பாதுகாக்க வேண்டும் என்று வாரியத்தின் உத்தரவு. கிட்டங்கியில் தூசி படாத இடம் எது? மேனேஜர் அபினவ் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் மூன்று கதவு, புதிதாகக் கழுவி, காலியாக. பதினேழையும் மடக்கி அதற்குள் அடைத்தார், யாழினியுடையது பதினெட்டு. பூட்டி, சாவியை மாடிக்குக் கொண்டுபோனார்.

ஹரிகரன் இப்போது வேளைக்கொரு செம்பு தண்ணீர் குடிக்கிறான், முழுச் செம்பு. வாயைத் துடைத்துக்கொண்டு, “மாப்ள, தூக்கு” என்கிறான்.

“இப்பதானடா போயிட்டு வந்தோம்?”

“காலையிலேருந்து ஒனக்கு எத்தன மூட்டை ஏத்திவிட்டேன்?”

கபிலேஷ் முனகிக்கொண்டே குனிகிறான். ஏறுகிறார்கள். டக், டக், டக். ஹரிகரன் எண்ணுவதில்லை. அந்தக் கடன் தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாருடையது என்றும் தெரிந்துவிட்டது. மூட்டைக்கு மார்க் போடும் மசியால் பூட்டிய கதவில் அதை எழுதியும் வைத்திருக்கிறான். மேனேஜர் இரண்டு தடவை அழிக்கச் சொன்னார். இரண்டு தடவையும் திரும்ப எழுதினான். மூன்றாம் தடவை அவர் சொல்லவில்லை.

‘ஹரிகரனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி: கீழே ஒரு கக்கூஸ்.’